குன்மமும் குதிரையும்

ஸ்ரீவராகம் திருக்குளத்தின் கரையிலிருந்து கோட்டையை நோக்கிக் காலாற நடந்தால், பத்மநாப சுவாமி கோயிலின் அருகே நிற்கும் குதிரைமாளிகையைச் சிறிது நேரத்தில் அடைந்துவிடலாம். 1829 முதல் 1846 வரை திருவிதாங்கூரை ஆண்ட சுவாதித் திருநாள் மன்னர் எழுப்பிய அரண்மனை அது. அதன் இறவாரத்தைத் தாங்குவனபோல் 122 மரக்குதிரைகள் வரிசையாகப் பாய்ந்து நிற்கின்றன. வெளியூரிலிருந்து உறவினர் வரும்போதெல்லாம் அவர்களை அங்கே அழைத்துச் செல்வது எங்கள் இல்லத்து வழக்கம். ஒருமுறை உடன் வந்த சிறுவன் ஒருவன், "இந்தக் குதிரைகளுக்கெல்லாம் என்ன தீனி போடுவார்கள் தாத்தா?" என்று கேட்டான். எல்லோரும் நகைத்தனர். எனக்கு மட்டும் அந்தக் கேள்வி நெஞ்சில் தங்கிவிட்டது. ஏனெனில், தமிழகத்தின் வரலாற்றிலே உயிருள்ள குதிரைகளைப் பற்றி இந்தக் கேள்வியை உரிய காலத்தில் கேட்காமையால் நேர்ந்த இழப்பு சிறிதன்று.

குதிரை நம் மண்ணிற் பிறந்து பெருகிய விலங்கன்று. காவிரிப்பூம்பட்டினத்தின் வளம் பேசும் பட்டினப்பாலை, கடல்வழியே வந்திறங்கிய குதிரைகளைக் குறிப்பிடுகிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் 'குதிரைச் செட்டிகள்' காணப்படுகின்றனர். மலைமண்டலம் என்பது நாம் இன்று வாழும் இச்சேரநாடே என்பதை அன்பர்கள் அறிவர். பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பொருளைத் திருப்பெருந்துறையில் திருப்பணிக்குச் செலவிட்ட மணிவாசகர் வரலாறு நம் குழந்தைகளும் அறிந்தது. நரிகள் பரிகளாகி வந்து, அன்றிரவே மீண்டும் நரிகளாகிப் போயின என்பது புராணம். அதைப் படிக்கும்போது எனக்கு ஒன்று தோன்றுவதுண்டு: புராணக் குதிரைகள் ஓரிரவில் மறைந்தன, வரலாற்றுக் குதிரைகள் ஓராண்டில் மறைந்தன. வேறுபாடு அவ்வளவே.

இஃது என் கற்பனையன்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆட்சியில், நம் கடற்கரைக்கு வந்த வெனிசு நகர வணிகர் மார்க்கோ போலோ எழுதி வைத்த செய்தி. இந்நாட்டு வேந்தன் ஆண்டுதோறும் 2,000க்கு மேற்பட்ட குதிரைகளைப் பெரும்பொருள் கொடுத்து வாங்குகிறான். அவன் உடன்பிறந்தாரும் அவ்வாறே வாங்குகின்றனர். ஆயினும் ஆண்டு முடிவில் அவற்றுள் நூறு கூட எஞ்சுவதில்லை என்பது அவர் கூற்று. காரணமும் அவரே சொல்கிறார். குதிரைக்கு மருத்துவம் பார்க்கவோ, பேணவோ தெரிந்தவர் இங்கில்லை; குதிரை விற்கும் அயல்நாட்டு வணிகரோ அத்தகையோரை உடன் அழைத்து வருவதுமில்லை, வரவிடுவதுமில்லை. குதிரை சாகச் சாக அவர்களுக்கு வாணிகம்! சோற்றையும் இறைச்சியையும் சேர்த்துச் சமைத்துக் குதிரைக்கு ஊட்டினர் என்றும் அவர் வியக்கிறார்.

பயணிகள் மிகைப்படுத்துவர் என்று தள்ளிவிடலாமா எனில், அதற்கும் இடமில்லை. அடுத்த தலைமுறையில் பாரசீக மொழியில் வரலாறு எழுதிய வஸ்ஸாஃப் என்பாரும் ஏறத்தாழ இதையே சொல்கிறார். ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார் என்று கணக்குக் காட்டும் அவர், புல் மேய வேண்டிய அவ்விலங்குக்கு வறுத்த வாற்கோதுமையும், நெய்யிட்டுப் பிசைந்த தானியமும், காய்ச்சிய பசும்பாலும் தந்தனர் என்கிறார். நாற்பது நாள் லாயத்திலேயே கட்டிப் போட்டுக் கொழுக்க வைத்துப் பின்னர் பயிற்சியின்றி ஏறி விரட்டினர் என்பதும் அவர் குறிப்பு. எண்ணிப் பாருங்கள்: பாலும் நெய்யும் பகைமையால் ஊட்டப்படுவனவா? விருந்தினர்க்குச் செய்யும் உபசாரத்தைக் குதிரைக்கும் செய்தார்கள். அன்பு இருந்தது, அறிவு உடன் இல்லை.

குதிரையின் இரைப்பை அதன் பேருடலை நோக்க மிகச் சிறியது. சுமார் 8 முதல் 15 லிட்டர் அளவே கொள்ளும். உண்டதைக் கக்கவும் அதனால் இயலாது. நாள் முழுதும் சிறிது சிறிதாகப் புல்லை மென்றுகொண்டே திரிவதற்கென்று அமைந்த வயிறு அது. ஆதலின் அமிலம் அதில் இரவு பகலாகச் சுரந்துகொண்டே இருக்கும். மெல்லும்போது ஊறும் உமிழ்நீரே அந்த அமிலத்தைத் தணிப்பது. மென்ற புல் அடுக்கடுக்காகக் கிடந்து அதன் அலைச்சலைத் தடுப்பது. இரைப்பையின் மேற்பகுதிக்கோ காப்புச்சளி கிடையாது. குதிரையைக் கட்டிப்போட்டு, புல்லைக் குறைத்து, வேளைக்கு வேளை தானியமாகக் கொட்டினால், அமிலம் அந்த மேற்பகுதியை அரித்துப் புண்ணாக்கிவிடும். தானியம் குடலிற் புளித்தால் வேறு வயிற்று நோவும் தோன்றும். பாண்டியன் குதிரைகள் அனைத்தும் வயிற்றுப் புண்ணால்தான் மடிந்தன என்று நான் சாதிக்கவில்லை. வெப்பமும், கடிக்கும் ஈக்கள் பரப்பும் சுர்ரா நோயும் தம் பங்கைக் கொண்டிருக்கும். ஆனால் வஸ்ஸாஃப் விவரிக்கும் தீனி முறையை இன்றைய குதிரை மருத்துவர் ஒருவரிடம் படித்துக் காட்டினால், வயிறு கெடுவதற்கு இதைவிட நேர்வழி இல்லை என்றே சொல்வார்.

இந்த இருளுக்கு மாற்றாக ஒரு விளக்கு, ஐந்து நூற்றாண்டுகள் கழித்துத் தஞ்சையில் எரிந்தது. 1798 முதல் 1832 வரை அரியணையில் இருந்த இரண்டாம் சரபோசி மன்னர் அங்கே தன்வந்திரி மகால் என்றொரு மருத்துவ நிலையத்தை நடத்தினார். சித்தம், ஆயுர்வேதம், யுனானி, ஐரோப்பிய மருத்துவம் ஆகிய எல்லாம் அங்கு இடம்பெற்றன. அது மனிதர்க்கு மட்டுமன்றி விலங்குகளுக்கும் மருந்து செய்தது. நோயாளியின் குறிப்புகள் எழுதி வைக்கப்பட்டன. கண்நோய்க்குச் செய்த சிகிச்சைகள் படங்களுடன் பதிவாயின. வைத்தியர்களிடமிருந்து முறைகளைத் திரட்டி, அனுபவத்தில் தேர்ந்து பயன் கண்டவற்றைத் தமிழ்ச் செய்யுளாக்கி வைக்கவும் மன்னர் ஏற்பாடு செய்தார். 'சரபேந்திர வைத்திய முறைகள்' என்ற பெயரில் 20ஆம் நூற்றாண்டில் சரசுவதி மகால் நூலகம் அவற்றைத் தொகுதி தொகுதியாக அச்சிட்டது. நீரிழிவுக்கு ஒன்று, கண்நோய்க்கு ஒன்று என்று வந்த அவ்வரிசையில் குன்ம ரோக சிகிச்சைக்கும் ஒரு தொகுதி உண்டு. அதே நூலகம் நகுலன் பெயரால் வழங்கும் அசுவ சாத்திரத்தை வண்ணப் படங்களுடன் 1952இல் வெளியிட்டது. விராடன் அரண்மனையில் குதிரைப் பாதுகாவலனாக மறைந்து வாழ்ந்தவன் நகுலன் அல்லனோ? அவன் பெயரில் குதிரைநூல் வழங்குவது பொருத்தமே.

குன்ம நூலும் குதிரை நூலும் ஒரே நிலைப்பேழையில் இருப்பதைக் கண்டு வியப்போர் உண்டு. எனக்கு அது இயல்பாகவே படுகிறது. வாய்விட்டு நோயைச் சொல்லத் தெரியாத விலங்கை நோக்கி நோக்கிப் பழகிய கண்தான், சொல்லத் தெரிந்தும் கூச்சத்தால் மறைக்கும் மனிதனின் நோயையும் காணும். விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, பல்லை நறநறவென்று கடிப்பது, தானியத்தை விட்டு வைக்கோலை மட்டும் கொறிப்பது என்னும் இக்குறிகளைக் கண்டு குதிரையின் வயிற்று நோவை அறிவர்.

நம் தஞ்சைத் தொடர்பை இங்கே ஒருவரி சொல்லாமற் போக மனம் வரவில்லை. சுவாதித் திருநாளுக்கு இளமையில் ஆசிரியராயிருந்து பின்னர் திவானாகவும் விளங்கிய சுப்பராவ் தஞ்சாவூரார்; அவருடைய அவையை அணிசெய்த வடிவேலுவும் தஞ்சை நால்வருள் ஒருவர். இசையும் நடனமும் அவ்வழியே இங்கு வந்ததைப் பலர் எழுதியுள்ளனர்.

இனிக் குன்மத்துக்கு வருவோம். உடலையும் உள்ளத்தையும் ஒருங்கே குன்றச் செய்வதால் அப்பெயர் என்பர் சித்த மருத்துவர். எட்டு வகையாக அதைப் பகுத்தனர். அவற்றுள் எரிகுன்மமும் வலிகுன்மமும் இக்காலத்தார் வயிற்றுப்புண் என்று கூறுவதற்கு மிக நெருங்கியவை. ஆயினும் குன்மம் முழுதும் வயிற்றுப்புண்ணே என்று சமன் செய்துவிடலாகாது. பழைய சொல்லின் வீச்சு பெரிது. என் தாயாருக்கு அந்நோய் இருந்தது. பின்னிரவில் எழுந்து சுவரில் சாய்ந்து, வயிற்றை அழுத்திப் பிடித்தபடி அமர்ந்திருப்பார். விடிந்ததும் புளியும் மிளகாயும் தள்ளிய கஞ்சி, சீரகம் இட்ட மோர், மணத்தக்காளி வற்றல். ஸ்ரீவராகத்தில் அந்நாளில் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் அடுக்களையில் அந்த வற்றற் சாடி இருந்தது.

இந்நோய் தனியொருவர் துன்பமாக இராமல் திருவிதாங்கூர் நாட்டுக்கே உரிய துன்பமாக இருந்தது என்பதைப் பின்னர்தான் படித்தறிந்தேன். 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர், பஞ்ச காலத்தில் ஏழைகளின் பசி தீர மரவள்ளிக் கிழங்குப் பயிரை ஊக்குவித்தார். அது பசியைத் தீர்த்தது. சிலர் தட்டில் அஃதொன்றே உணவாயிற்று. குன்னூரில் உணவாய்வு நடத்திய இராபர்ட் மெக்காரிசன், இந்தியாவின் பல பகுதியினர் உண்பதை அப்படியே எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டியும் பாலும் காய்கறியும் உண்ட எலிகள் நலமாயிருந்தன. திருவிதாங்கூர் ஏழைகளின் மரவள்ளி உணவை உண்டவற்றுள் கணிசமானவற்றின் இரைப்பையிலும் குடலிலும் புண் கண்டது. சென்னைப் பகுதியின் அரிசியுணவு உண்ட எலிகளும் ஓரளவு துன்புற்றன.

எலியிற் கண்டதை மனிதரிற் கண்டவர் தியோடர் ஹோவார்டு சாமர்வெல். 1922இலும் 1924இலும் எவரெஸ்டு மலையேற்றக் குழுவில் இருந்த ஆங்கிலேய அறுவை மருத்துவர். முதல் ஏற்றம் முடிந்ததும் இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர், தக்கலைக்கு அருகிலுள்ள நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் காத்துக் கிடந்த நோயாளிகளின் கூட்டத்தைக் கண்டு, இலண்டனில் கிடைத்திருக்கக்கூடிய பெரும்பதவியை உதறி இங்கேயே தங்கினார். அங்கு வந்தவரில் பெருந்தொகையினர் முன்சிறுகுடற் புண்ணால் நலிந்த தமிழ், மலையாள உழைப்பாளிகள். இரைப்பையைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைக்கும் அறுவையை அவர் அங்கே எண்ணற்றோர்க்குச் செய்தார். அவ்வனுபவமே 1948இல் ஒரு மருத்துவ நூலாயிற்று. நெய்யூர் அன்று திருவிதாங்கூர். 1956 முதல் தமிழகத்தின் குமரி மாவட்டம். எல்லைக்கோடு மாறிற்று, புண்ணின் வலிக்கு எல்லை ஏது?

பின்னர் வந்த கண்டுபிடிப்பு பழைய கருத்துகளைப் புரட்டியது. 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த்து நகரில் இராபின் வாரனும் பாரி மார்ஷலும் மனிதரின் வயிற்றுப் புண்ணுக்கு ஹெலிகோபாக்டர் என்னும் நுண்ணுயிர் பெருங்காரணம் என்பதைக் காணத் தொடங்கினர். நம்பாதாரை நம்பச் செய்ய மார்ஷல் 1984இல் அந்நுண்ணுயிரைத் தாமே குடித்தார். இருவருக்கும் 2005இல் நோபல் பரிசு கிட்டியது. ஆகவே மரவள்ளியும் மிளகாயும் முதற் குற்றவாளிகள் அல்ல. எனினும் நெய்யூரும் குன்னூரும் கண்டது பொய்யாகிவிடவில்லை. ஒரே நுண்ணுயிர் வாழும் வயிறுகளிலும் சிலவே புண்ணாகின்றன. ஊட்டமற்ற உடல் அதை எதிர்க்க வலுவற்றது என்றே நான் கொள்கிறேன்.

குதிரையின் கதை இதற்கு நேர்மாறானது. அதன் புண்ணுக்குத் தீனியும் கட்டிவைக்கும் முறையும் ஓட்டமுமே பெருங்காரணங்கள் என்று தெளிவாயிற்று. ஏறத்தாழ மூன்று மீட்டர் நீளமுள்ள குழற்கருவியை உட்செலுத்திப் பார்த்தபோது, பந்தயப் பயிற்சியில் உள்ள குதிரைகளில் மிகப் பெரும்பாலானவற்றின் இரைப்பையில் புண் இருந்தது. மேனி மினுமினுக்க வெளியே நிற்பவற்றுக்கும் அப்படியே!

அத்தகைய குதிரையைத் தேற்றுவோர் செய்வதைக் கேட்டால் நம் பாட்டிமார்க்கு வியப்பிராது. தானியத்தைக் குறைப்பர். உலர்புல்லை எந்நேரமும் எட்டும்படி வைப்பர். ஓட்டத்தை நிறுத்தி மேய்ச்சலில் விடுவர். தனியே கட்டாமல் மற்றொரு குதிரையின் முகம் தெரியும்படி நிறுத்துவர். அமிலச் சுரப்பை அடக்கும் ஒமெப்ரசோல் என்னும் மருந்தைப் பசையாக்கி நான்கு வாரம் நாள்தோறும் வாயில் தருவர். முதலிற் பல்கடிப்பு நிற்கும்; பின்னர் தீனித்தொட்டியை அது தானே நாடும்; மேனியின் மயிர் படிந்து பளபளக்கும்.

அதே ஒமெப்ரசோல், என் வயதுக்கேற்ற அளவில், ஸ்ரீவராகத்து வீட்டு அலமாரியிலும் இருக்கிறது. தாயார் விட்டுச்சென்ற மணத்தக்காளிச் சாடிக்குப் பக்கத்தில்.