நச்சுவாயுவை யாரிடம் சோதிப்பது? ஆய்வுகூடத்தில் வளரும் நுரையீரல் கலங்கள்

1984 டிசம்பர் 2ஆம் திகதி நள்ளிரவு, இந்தியாவின் போபால் நகரிலிருந்த பூச்சிகொல்லித் தொழிற்சாலையிலிருந்து சுமார் 40 தொன் மிதைல் ஐசோசயனேற்று கசிந்தது. மூச்சுத்திணறி வைத்தியசாலைகளுக்கு ஓடிவந்த ஆயிரக்கணக்கானோருக்கு எப்படிச் சிகிச்சை அளிப்பதென்று மருத்துவர்கள் திகைத்தனர். அந்த வாயு மனித நுரையீரலை என்ன செய்யும் என்பது பற்றி அன்று இருந்த தகவல்கள் மிகச் சொற்பம்.

மனிதரிடம் இதைச் சோதிக்க முடியாது. எனவே பல தசாப்தங்களாக எலிகளே பயன்படுத்தப்படுகின்றன. வழக்கமாக 4 மணி நேரம் வாயுவைச் சுவாசிக்க விட்டு, 14 நாட்கள் அவதானித்து, பாதி எலிகளைக் கொல்லும் செறிவைக் கணக்கிடுவார்கள். விலங்குவதை ஒருபுறமிருக்க, எலி மூக்கினால் மட்டுமே சுவாசிக்கும் பிராணி. நீரில் எளிதாகக் கரையும் வாயுக்களில் பெரும்பகுதியை அதன் மூக்கே பிடித்துக்கொள்ளும். வேலை செய்து களைக்கையில் வாயாலும் மூச்சிழுக்கும் தொழிலாளியின் நிலை வேறு.

அப்படியானால் மனித நுரையீரல் கலங்களையே வளர்த்துச் சோதிக்கலாமே? சிக்கல் இங்கேதான். வளர்ப்புக் கலங்கள் பொதுவாகப் போசணைத் திரவத்தில் மூழ்கியே வாழ்கின்றன. அதற்குள் குளோரீனைச் செலுத்தினால் அது நீருடன் தாக்கமடைந்து அமிலங்களாகிவிடும். பொஸ்ஜீனும் நீரில் சிதைந்துவிடும். கலத்தைச் சென்றடைவது நாம் சோதிக்க நினைத்த வாயுவாக இராது.

இதற்குக் கண்ட வழி எளிமையானது. நுண்துளைகளுள்ள மென்சவ்வில் கலங்களை வளர்க்கிறார்கள். அடிப்பக்கம் திரவத்திலிருந்து உணவு பெறும். மேற்பக்கம் காற்றுக்குத் திறந்திருக்கும். நமது சுவாசக்குழாயிலும் ஏறக்குறைய இதே நிலைதான். ஜேர்மனியின் ஹனோவர் நகர ஆய்வாளர்கள் 1999இல் அறிமுகப்படுத்திய 'கல்டெக்ஸ்' இம்முறையில் இயங்கும் கருவி. 37 பாகை செல்சியஸ் வெப்பத்தில், அளவிட்ட செறிவில் வாயு கலங்களின் மேலாகச் செல்லும். ஈரப்பதன் குறைந்தால் கலங்கள் உலர்ந்தே இறந்துவிடும். அதனால் சுத்தமான காற்று மட்டும் செலுத்தப்பட்ட கலங்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது கட்டாயம்.

சேதத்தை அறியப் பல வழிகள் உண்டு. உயிருள்ள கலங்கள் ஒருவகை மஞ்சள் சாயத்தை ஊதாவாக மாற்றும். கிழிந்த கலங்களிலிருந்து நொதியங்கள் வெளியே கசியும். கலப்படை பழுதானால் அதன் மின்தடை குறையும்.

எந்தக் கலம் என்பதும் முக்கியம். பல ஆய்வுகூடங்களில் காணப்படும் 'ஏ549' கலங்கள், 1972இல் 58 வயது ஆண் ஒருவரின் நுரையீரல் புற்றுக்கட்டியிலிருந்து பெறப்பட்டவை. வளர்ப்பது சுலபம், விலையும் குறைவு. ஆனால் புற்றுநோய்க் கலம் ஆரோக்கியமான கலத்தைப் போல நடந்துகொள்ளும் என எதிர்பார்ப்பது சற்று அதிகம்தான். கொடையாளரிடமிருந்து பெறும் சுவாசக்குழாய்க் கலங்கள் சில வாரங்களில் பிசிர்களையும் சளியையும் உருவாக்கும். செலவோ பல மடங்கு.

இவ்வளவுக்கும் பிறகு, காபனோரொட்சைட்டை இக்கலங்களின் மேல் செலுத்தினால், ஒரு மனிதரைக் கொல்லும் செறிவிலும் பெரிய சேதம் தெரியாமல் போகலாம். அது கொல்வது நுரையீரலை எரித்தல்ல. குருதியின் ஈமோகுளோபினைப் பற்றிக்கொண்டு ஒட்சிசனைத் தடுத்து. கிண்ணத்தில் குருதி இல்லை. பொஸ்ஜீனைச் சுவாசித்தவரின் நுரையீரலிலோ பல மணி நேரம் கழித்தே நீர் கோக்கும். வாயுவை நிறுத்தியவுடன் கலங்களைப் பார்த்துவிட்டு 'பாதிப்பில்லை' என்று எழுதும் ஆய்வாளர் அதைத் தவறவிடுவார்.