அடுப்படி இல்லாமல் வரமாட்டேன்!

கூடாரத்தைத் தரையில்தான் அடிக்க வேண்டுமா என்ன? சக்கரத்தின் மேல் அடித்தவர் கதையைக் கேளுங்கள்.

அமெரிக்கா, 1920-களின் கடைசி. வாலி பயாம் என்பவருக்கு ஊர் சுற்றிக் காட்டில் தங்குவதில் கொள்ளை ஆசை. மனைவி மரியனோ, அடுப்படி இல்லாத இடத்துக்கு வரமுடியாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? ஃபோர்டு மாடல்-டி காரின் அடிச்சட்டத்தை வாங்கினார். மேலே ஒரு தளம் போட்டார். தன் காருக்குப் பின்னால் அதைக் கட்டி இழுத்துப்போய், நிறுத்திய இடத்தில் தளத்தின் மேல் கூடாரம் அடித்தார்!

ஆனால், ஒவ்வொரு முறையும் விரித்துக் கட்டுவதற்குள் தாவு தீர்ந்தது. மழை வந்தால் கேட்கவே வேண்டாம். கூடாரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, நீர்த்துளி வடிவத்தில் குட்டி அறை ஒன்றை எழுப்பினார். கூடவே மண்ணெண்ணெய் அடுப்பு, ஐஸ் பெட்டி. பார்த்தவர்கள் மொய்க்க, வரைபடத்தை விற்க ஆரம்பித்தார். அதுவே தொழிலாகி, 1936-ல் அலுமினிய உடம்போடு ‘ஏர்ஸ்ட்ரீம் க்ளிப்பர்’ வந்தது. (அந்த அலுமினிய யோசனை அவருடையதல்ல. ஹாலி பௌலஸ் என்கிற கிளைடர் நிபுணர் 1934-லேயே செய்துவிட்டார்!)

‘தார் ரோட்டில் யார் வேண்டுமானாலும் இழுப்பார்களே’ என்கிறீர்களா? 1959-ல், 41 டிரெய்லர்களோடு கேப் டவுனிலிருந்து கெய்ரோவுக்குக் கிளம்பினார் பயாம். கூடவே நூறு பேருக்கு மேல். எத்தியோப்பியாவில் பாதை என்று சொல்லவே கூசும் பாதை. சேறு, பாறை, உடைசல். உடைந்ததைச் சரிசெய்து, சரிசெய்ததை மறுபடி உடைத்து, 1960-ல் கீஸா பிரமிடுகளுக்கு எதிரே வண்டிகளை நிறுத்தினார்கள்.

அப்போது பயாமின் மனைவி, ஸ்டெல்லா. அடுப்படி கேட்ட மரியன் எப்போதோ பிரிந்து போயிருந்தார்.