வறுமையும் பித்தும்: அடைத்துவைத்தலின் வரலாறு

முன்னுரை

மனநோய் மருத்துவத்தின் வரலாறு நெடுங்காலம் மனிதநேயத்தின் வெற்றி வரலாறாகவே எழுதப்பட்டு வந்தது. சங்கிலியில் கிடந்த பித்தரை மருத்துவர் விடுவித்தார்; சிறையாக இருந்தது மருத்துவமனையாயிற்று என்பது அதன் சாரம். பிரெஞ்சுச் சிந்தனையாளர் மிஷேல் ஃபூக்கோ 1961இல் வெளியிட்ட நூல் இப்பார்வையை மறுத்தது. பித்தரை அடைத்துவைக்கும் வழக்கம் மருத்துவத்திலிருந்து தோன்றியதன்று. வறியோரைக் கட்டுப்படுத்தும் ஆட்சிமுறையிலிருந்தே தோன்றியது என்பது அவர்தம் முடிபு. இம்முடிபு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதைப் பிரான்சு, இங்கிலாந்து, ஆங்கிலச் சட்டமரபின் வழிவந்த இந்தியா ஆகிய நாடுகளின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாரிசின் பொது மருத்துவமனை

பதினான்காம் லூயி மன்னரின் பெயரால் 1656 ஏப்ரலில் வெளியான ஆணை, பாரிசில் 'பொது மருத்துவமனை' என்னும் அமைப்பை நிறுவியது. பெயர் மருத்துவமனையாயினும் அது நோய் தீர்ப்பதற்கென எழுந்ததன்று. பிசேத்ர், சால்பெத்ரியேர் முதலிய இல்லங்கள் ஒரே நிருவாகத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டன. இரந்துண்போர், வேலையற்றோர், ஆதரவற்ற முதியோர், பித்தர் ஆகியோர் அங்கு ஒருங்கே வைக்கப்பட்டனர். நிருவாகிகளுக்குக் காவல், விசாரணை, தண்டனை ஆகிய அதிகாரங்கள் அளிக்கப்பட்டன. சில ஆண்டுகளிலேயே அங்கிருந்தோர் தொகை ஏறத்தாழ 6,000 ஆயிற்று. 1662ஆம் ஆண்டின் ஆணை இத்தகைய அமைப்பை ஏனைய நகரங்களிலும் ஏற்படுத்துமாறு பணித்தது.

இவ்வளவு வேறுபட்டவர்களை ஒரே சுவருக்குள் சேர்த்தது எது என்பதே ஃபூக்கோவின் வினா. அவர்களுக்குப் பொதுவானது நோயன்று. உழைக்காமையே என்பது அவர்தம் விடை. வேலை குறைந்த காலத்தில் தெருவில் திரிவோரை அகற்றவும், வேலை மிகுந்த காலத்தில் குறைந்த கூலிக்கு உழைப்பைப் பெறவும் அடைப்பு பயன்பட்டது. பொருளாதார நோக்கில் அது வெற்றி பெறவில்லை. அடைக்கப்பட்டோர் செய்த பொருள்கள் வெளியிலிருந்த தொழிலாளரின் பிழைப்பைக் கெடுத்தன. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், ஏழையின் உழைப்பு நாட்டின் செல்வம் என்னும் கருத்து வலுப்பெறவே, உழைக்கத்தக்கவர்களை அடைத்துவைப்பது வீணெனக் கருதப்பட்டது. மற்றவர்கள் வெளியேற, பித்தரே உள்ளே எஞ்சினர். மருத்துவர் அங்குப் புகுந்தது அதன் பின்னரே என்கிறார் ஃபூக்கோ.

இங்கிலாந்து தரும் மறுப்பு

இக்கோட்பாட்டை வரலாற்றறிஞர் பலர் மறுத்துள்ளனர். அவர்களுள் ராய் போர்ட்டர் குறிப்பிடத்தக்கவர். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பித்தரைப் பெருந்தொகையில் அடைக்கும் மைய ஆணை எதுவும் இல்லை. இருந்த காப்பகங்களுள் பல, பணம் பெற்றுக்கொண்டு நோயாளிகளை வைத்திருந்த தனியார் இல்லங்களாகும். 1800ஆம் ஆண்டளவில் காப்பகங்களில் இருந்தோர் சில ஆயிரவரே. 1900ஆம் ஆண்டளவிலோ அத்தொகை ஏறத்தாழ ஒரு லட்சமாக உயர்ந்தது. ஆகவே, இங்கிலாந்தைப் பொறுத்தவரை பேரடைப்பு பத்தொன்பதாம் நூற்றாண்டிற்கே உரியது.

காலக்கணக்கில் இம்மறுப்புச் சரியானதே. எனினும் அடைக்கப்பட்டவர் யாவர் என நோக்கினால், ஃபூக்கோவின் வினா மீண்டும் எழுகின்றது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் பொதுநிதியின் உதவியில் வாழ்ந்த வறியோர். 1834ஆம் ஆண்டின் வறியோர் சட்டம், உதவி வேண்டுவோர் பணியில்லத்திற்குள் வரவேண்டும் எனவும், அங்குள்ள வாழ்வு வெளியிலுள்ள கடைநிலை உழைப்பாளியின் வாழ்வினும் தாழ்ந்திருக்க வேண்டும் எனவும் கருதியது. 1845ஆம் ஆண்டின் சட்டம் ஒவ்வொரு மாவட்டமும் காப்பகம் அமைப்பதைக் கட்டாயமாக்கியது. வறிய பித்தரைக் காப்பகத்திற்கு அனுப்புவதில் மருத்துவரின் சான்று மட்டுமன்றி, வறியோர் நிவாரண அலுவலரின் முயற்சியும் நடுவரின் ஆணையும் பங்கு பெற்றன.

இவ்வகையில் 1874ஆம் ஆண்டின் ஏற்பாடு ஒன்று கருதத்தக்கது. காப்பகத்தில் வைக்கப்படும் ஒவ்வொரு வறிய பித்தருக்கும் வாரம் நான்கு ஷில்லிங் அரசு மானியமாக வழங்கப்பட்டது. பணியில்லத்தில் இருப்பவருக்கு இம்மானியம் இல்லை. ஆகவே, பணியில்லத்து முதியவரையும் அறிவுமங்கியவரையும் காப்பகத்திற்கு மாற்றுவதில் உள்ளூர் நிருவாகத்திற்கு ஆதாயம் ஏற்பட்டது. ஒருவர் பித்தரா, வெறும் வறியவரா என்னும் முடிபில் அவருடைய மனநிலையோடு அவருடைய உணவுச் செலவை யார் ஏற்பது என்பதும் கலந்துவிட்டது.

ஆண்ட்ரூ ஸ்கல் இவ்வளர்ச்சியைச் சந்தைப் பொருளாதாரத்தோடு இணைத்துக் காண்கிறார். கூலியை மட்டுமே நம்பிய குடும்பம், உழைக்க இயலாத உறுப்பினரைத் தாங்கும் வலிமையை இழந்தது என்பது அவர் கருத்து. பிற ஆய்வுகளோ, குடும்பத்தாரே நெருக்கடியில் காப்பகத்தை நாடியதையும், பின்னர் நோயாளியைத் திரும்ப அழைத்துக்கொண்டதையும் காட்டுகின்றன. ஆதலால் அடைப்பை ஆட்சியாளரின் ஒரே திட்டமாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. அலுவலரின் கணக்கேடு, குடும்பத்தின் இயலாமை, மருத்துவரின் சான்று ஆகிய சிறுசிறு முடிபுகளின் கூட்டு விளைவு அது.

இந்தியச் சட்டங்கள்

ஆங்கிலச் சட்டமரபு 1858ஆம் ஆண்டின் 36ஆம் சட்டத்தின் வழியே இந்தியக் காப்பகங்களை நெறிப்படுத்தியது. பித்தர் எனக் கருதப்பட்டு அலைந்து திரிவோரைப் பிடித்து நடுவர்முன் நிறுத்துவதை அச்சட்டம் காவல் அலுவலரின் கடமையாக்கியது. ஆயினும் இந்தியாவில் பேரடைப்பு நிகழவில்லை. மக்கள்தொகையோடு ஒப்பிட, காப்பகங்களில் இருந்தோர் மிகச் சிலரே. மிகப் பலரைக் குடும்பமே பேணியது. காவலர் கையில் சிக்கியவர் வீடும் உறவும் அற்று வீதியில் திரிந்தவர்களே. வீட்டிற்குள் இருந்தவரின் பித்து உறவினரின் துயரமாகவும், வீதியில் இருந்தவரின் பித்து ஒழுங்கின் சிக்கலாகவும் கொள்ளப்பட்டன.

அலைந்து திரிவோர் பற்றிய இவ்விதி 1912, 1987 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களிலும் தொடர்ந்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்திலும் அது உள்ளது. ஆனால் அதன் நோக்கு மாறியுள்ளது. அத்தகையோரைப் பாதுகாப்பில் கொள்ளலாமேயன்றிக் காவல்நிலையச் சிறையில் அடைத்தல் ஆகாது. ஒருவருடைய பொருளாதார, சமூக நிலையைக் கொண்டு மனநோயைத் தீர்மானிக்கக் கூடாது எனவும் அச்சட்டம் வெளிப்படையாக விதிக்கின்றது.

முடிவுரை

ஃபூக்கோ பாரிசிலிருந்து பெற்ற காலவரையறை பிற நாடுகளுக்குப் பொருந்தவில்லை. அவர் எழுப்பிய வினா பொருந்துகின்றது. வறுமையைப் பித்தெனக் கொள்ளலாகாது என ஒரு சட்டம் 2017இல் எழுதவேண்டியிருந்தமையே, அவ்விரண்டையும் பிரிக்கும் கோடு வரலாற்றில் எவ்வளவு எளிதாக அழிந்துவந்தது என்பதற்குச் சான்றாகும்.