தீக்காயத்தின் தீவிரத்தை அளத்தல்

தீக்காயத் தீவிர மதிப்பீடு என்பது வெந்த பரப்பு, ஆழம், காயம்பட்ட இடம், காரணம், நோயாளியின் வயது, மூச்சுப்பாதையின் நிலை ஆகிய எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, உயிருக்கும் உறுப்புக்கும் உள்ள ஆபத்தைக் கணிக்கும் நடைமுறை. எவ்வளவு திரவம் ஏற்றுவது, எந்த மருத்துவமனைக்கு அனுப்புவது, தோல் ஒட்டு தேவைப்படுமா என்ற முடிவுகளுக்கு இதுவே அடிப்படை. முதல் சில நாட்களில் காயத்தின் ஆழமும் நோயாளியின் நிலையும் மாறிக்கொண்டே இருப்பதால், இதை ஒரே தடவை செய்து எழுதி மூடிவிட முடியாது. மணிக்கு மணி படுக்கையருகே நிற்கும் செவிலியரின் பங்கு இதில் பெரிதாவது அதனால்தான்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்கு ஏறத்தாழ 1,80,000 பேர் தீக்காயத்தால் இறக்கிறார்கள். இந்தியாவில் மட்டும் ஆண்டுதோறும் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நடுத்தரமான அல்லது கடுமையான தீக்காயம் அடைகிறார்கள்.

முதலில் மூச்சு

வெந்த தோல் கண்ணை இழுக்கும். ஆனால் செவிலியர் முதலில் பார்க்க வேண்டியது தோலை அல்ல, மூச்சை. பூட்டிய அறையில் தீயில் சிக்கியவரா, முகம் வெந்திருக்கிறதா, மூக்கு முடி கருகியிருக்கிறதா, சளியில் கரி வருகிறதா, குரல் கம்மியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவற்றில் ஏதேனும் இருந்தால் வெப்பமும் புகையும் மூச்சுப்பாதையைத் தாக்கியிருக்கலாம். வந்தபோது தெளிவாகப் பேசியவருக்கும் சில மணி நேரத்தில் தொண்டை வீங்கி மூச்சு அடைபடலாம். அதற்குள் குழாய் செலுத்துவது பற்றி மருத்துவர் முடிவெடுக்க வேண்டும்.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானி இங்கே ஏமாற்றக்கூடும். கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ஹீமோகுளோபினையும் அது ஆக்சிஜன் ஏந்தியதாகவே காட்டும். திரையில் 98 என்று தெரிந்தாலும், புகையில் சிக்கியவருக்கு முகமூடி வழியே முழு ஆக்சிஜன் கொடுத்து ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவதே முறை.

பரப்பை அளப்பது

அளக்கும் முன் ஆடையை அகற்ற வேண்டும். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்காமல் சுற்றிலும் வெட்டிவிட வேண்டும். மோதிரம், வளையல், மெட்டி, அரைஞாண் எல்லாவற்றையும் உடனே கழற்றுவது அவசியம். வீக்கம் ஏறிவிட்டால் அவை இறுக்கி ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும்.

பெரியவர்களுக்கு அவசரத்தில் கைகொடுப்பது ஒன்பதின் விதி. எடின்பரோவின் ஒட்டுறுப்பு அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் வாலஸ் 1951இல் இதைப் பரவலாக்கினார். தலையும் கழுத்தும் 9 சதவீதம், ஒவ்வொரு கையும் 9, உடலின் முன்புறம் 18, பின்புறம் 18, ஒவ்வொரு காலும் 18, பிறப்புறுப்புப் பகுதி 1. சிதறிய சிறு காயங்களுக்கு நோயாளியின் உள்ளங்கையே அளவுகோல்: விரல்களோடு சேர்த்து அது ஏறத்தாழ 1 சதவீதம். செவிலியரின் கையை வைத்து அளக்கக் கூடாது. குழந்தைக்குக் குழந்தையின் கைதான் கணக்கு.

குழந்தைகளிடம் ஒன்பதின் விதி தவறிவிடும். அவர்களுக்குத் தலை பெரிது, கால்கள் சிறிது. இதற்குச் சரியான கருவி லண்ட்-பிரவுடர் வரைபடம். அதன் பின்னணியில் ஒரு பெருந்துயரம் இருக்கிறது. 1942 நவம்பர் 28 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கோகனட் குரோவ் இரவு விடுதி எரிந்து 492 பேர் இறந்தனர். காயமடைந்தவர்களுக்குச் சிகிச்சை அளித்த அனுபவத்தோடு சார்லஸ் லண்ட், நியூட்டன் பிரவுடர் என்ற மருத்துவர்கள் 1944இல் வயதுவாரியான அளவுகளை வெளியிட்டனர். அதன்படி கழுத்து நீங்கலாகத் தலை மட்டும் பிறந்த குழந்தைக்கு 19 சதவீதம், பெரியவருக்கு 7.

வெறுமனே சிவந்த தோலை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதைச் சேர்ப்பதுதான் பரப்பு மிகையாகப் பதிவாவதற்கு வழக்கமான காரணம்.

ஆழம்

மேல்தோல் மட்டும் பாதிக்கப்பட்டால் தோல் சிவந்து எரியும், கொப்புளம் வராது. உள்தோலின் மேற்பகுதிவரை வெந்தால் கொப்புளம் எழும். அதன் அடி ஈரமாக, இளஞ்சிவப்பாக இருக்கும். அழுத்தினால் வெளுத்து உடனே நிறம் திரும்பும். தாங்க முடியாத வலி இருக்கும். இன்னும் ஆழமாகப் போனால் திட்டுத்திட்டான நிறம் தெரியும், நிறம் திரும்பத் தாமதமாகும், வலி குறையும். முழுத் தோலும் வெந்த இடம் வெண்மையாகவோ பழுப்பாகவோ கருகியோ, பதப்படுத்திய தோல்போல விறைத்துக் கிடக்கும். நரம்பு நுனிகள் அழிந்துவிடுவதால் அங்கே ஊசியால் தொட்டாலும் தெரியாது. வலிக்கவில்லை என்று நோயாளி சொல்வது நல்ல செய்தி ஆகாது.

கறுத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. பாடநூல் படங்களோ பெரும்பாலும் வெளுத்த தோலையே காட்டுகின்றன. நம் ஊர் வார்டில் நிறத்தை மட்டும் நம்பாமல் சூடு, ஈரம், தொடுவுணர்வு, அழுத்திவிட்டபின் ரத்தம் திரும்பும் வேகம் ஆகியவற்றையும் சோதிப்பது நல்லது.

ஆழம் ஏன் மாறுகிறது என்பதை பர்மிங்காமின் டக்ளஸ் ஜாக்சன் 1953இல் விளக்கினார். நடுவில் இறந்த திசு, அதைச் சுற்றி ரத்த ஓட்டம் மந்தமான வளையம், வெளியே சிவந்த வளையம் என்று காயத்தில் மூன்று பகுதிகள் உண்டு. ரத்த ஓட்டம் மந்தமான வளையம் பிழைக்கலாம், இறக்கவும் செய்யலாம். திரவம் போதாவிட்டாலோ தொற்று ஏற்பட்டாலோ அதுவும் இறந்து காயம் ஆழமாகும். அதனால் 48 முதல் 72 மணி நேரத்தில் ஆழத்தை மீண்டும் மதிப்பிடுகிறார்கள்.

இடமும் காரணமும்

முகம், கை, பாதம், பிறப்புறுப்பு, பெரிய மூட்டுகள் ஆகியவற்றில் பட்ட காயம் பரப்பில் சிறிதானாலும் சிறப்பு மையத்துக்கு உரியது. கையையோ காலையோ மார்பையோ சுற்றிவளைத்த ஆழ்ந்த காயத்தில் விறைத்த தோல் கட்டுப்போல இறுக்கும். மணிக்கு மணி நாடித்துடிப்பு, விரல்களின் குளிர்ச்சி, மரத்துப்போதல் ஆகியவற்றைக் கவனித்தால்தான் தோலைக் கீறி இறுக்கம் தளர்த்தும் நேரம் தப்பாது.

மின்சாரக் காயத்தில் வெளியே தெரிவது சிறு புள்ளியாக இருக்கலாம். உள்ளே தசை வெந்திருக்கும். சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால் சிதைந்த தசையின் புரதம் சிறுநீரகத்தை அடைந்துவிட்டது என்று பொருள். இதயத் துடிப்பையும் தொடர்ந்து பதிவு செய்ய வேண்டும். குழந்தையின் கைகால்களில் கையுறை, காலுறை மாட்டியதுபோல நேர்க்கோட்டு விளிம்போடு வெந்நீர்க் காயம் இருந்தால், அது தற்செயலானதா என்ற கேள்வியையும் குறிப்பில் எழுத வேண்டும்.

கணக்கும் கண்காணிப்பும்

பெரியவருக்கு 15 முதல் 20 சதவீதத்துக்கும், குழந்தைக்கு 10 சதவீதத்துக்கும் மேல் வெந்தால் நரம்புவழித் திரவம் தேவைப்படும். டல்லஸ் நகரின் பார்க்லாண்ட் மருத்துவமனையில் சார்லஸ் பாக்ஸ்டர் 1968இல் வெளியிட்ட சூத்திரம் இன்றும் பழக்கத்தில் உள்ளது: எடை கிலோவில், பரப்பு சதவீதத்தில், இரண்டையும் பெருக்கி 4 மில்லிலிட்டரால் பெருக்குவது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 30 சதவீதம் வெந்தால் 24 மணி நேரத்துக்கு 7,200 மில்லி ரிங்கர் லாக்டேட். இதில் பாதி முதல் 8 மணி நேரத்தில் போக வேண்டும். அந்த 8 மணி நேரம் காயம்பட்ட நொடியிலிருந்து தொடங்குகிறது. இரண்டு மணி தாமதமாக வந்தவருக்கு 3,600 மில்லியை ஆறு மணி நேரத்தில், மணிக்கு 600 வீதம் ஏற்ற வேண்டும். இப்போது பெரியவர்களுக்கு 2 மில்லியில் தொடங்கும் முறையும் பரவியிருக்கிறது.

சூத்திரம் தொடக்கம்தான். போதுமா என்று சொல்வது சிறுநீர்: பெரியவருக்கு மணிக்குக் கிலோவுக்கு 0.5 மில்லி, சிறு குழந்தைக்கு 1 மில்லி. குறைந்தால் திரவத்தைக் கூட்டவும், மிகுந்தால் குறைக்கவும் மருத்துவருக்குச் சொல்வது செவிலியர் பொறுப்பு. அளவுக்கு மிஞ்சிய திரவம் நுரையீரலையும் வயிற்றையும் வீங்க வைக்கும்.

பிழைக்கும் வாய்ப்பைக் கணிக்க மருத்துவர் செர்ஜ் போ 1961இல் வயதையும் பரப்பையும் கூட்டினார்; தொகை ஏற ஏற வாய்ப்பு குறையும். 40 சதவீதம் வெந்த இருபது வயதுக்காரருக்கு 60, அறுபது வயதுக்காரருக்கு 100. புகை உள்ளே போயிருந்தால் 17 கூட்ட வேண்டும் என்று பின்னர் திருத்தப்பட்டது.

தமிழகத்தில் சென்னைக் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தீக்காயப் பிரிவு முக்கிய மையம். அங்கே போய்ச் சேரும் முன் வீட்டார் பூசும் பேனா மையும் பற்பசையும் காயத்தின் நிறத்தை மறைத்து இந்த மதிப்பீடு முழுவதையும் குழப்பிவிடுகின்றன. ஆகவே எதையும் பூசாதீர்கள். காயத்தின் மேல் 20 நிமிடம் குழாய் நீரை ஓடவிடுங்கள். மூன்று மணி நேரம் வரை தாமதமானாலும் அது பலன் தரும். பின் சுத்தமான துணியால் மூடி, 108ஐ அழையுங்கள்.