உடையாரும் அர்ஸும்

ஊட்டியிலிருந்து மைசூருக்குப் போகும் பேருந்து முதுமலையையும் பந்திப்பூரையும் கடந்து காட்டை விட்டு வெளியே வந்தால், குண்டலுபேட்டைக்குச் சற்று முன்னால் ஹங்களா என்ற ஊர் வரும். கோபாலசுவாமி பெட்டாவுக்கு ஏறுகிறவர்கள் இங்கே திரும்புவார்கள். மற்றவர்கள் ஜூலை மாதத்தில் சாலையோரச் செண்டுமல்லித் தோட்டங்களைப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பதினேழாம் நூற்றாண்டில் மைசூர் அரச குடும்பத்தின் ஒரு கிளையை இந்த ஊரில்தான் கண்காணிப்பில் வைத்திருந்தார்கள். அந்தக் கிளையில் வளர்ந்த இளைஞர் 1673இல் அரியணை ஏறினார். அவர்தான் சிக்க தேவராஜ உடையார்.

அந்தப் பெயரைப் பிரித்துப் பார்த்தால் மைசூர்ச் சீமையில் பெயர் வைக்கும் முறை முழுவதும் தெரிந்துவிடும். தேவராஜர் என்பது இயற்பெயர். அதே பெயரில் குடும்பத்தில் இன்னும் சிலர் இருந்ததால் சிறியவர் என்று அடையாளம் காட்ட முன்னால் ‘சிக்க’ வந்தது. அப்பாவின் பெயர் தொட்ட தேவராஜர். ஆண்டுகொண்டிருந்த சிற்றப்பனோ தொட்ட கெம்ப தேவராஜர். இத்தனை தேவராஜர்களுக்கு நடுவே யார் யாருக்கு மகன் என்று பிற்கால வரலாற்றாசிரியர்களே தடுமாறினார்கள். நம் ஊர்களில் பெரிய கருப்பனும் சின்னக் கருப்பனும் ஒரே வீட்டில் வளர்ந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. கடைசியில் நிற்கும் ‘உடையார்’ தமிழர்களுக்கு விளக்கவே வேண்டாத சொல். ஆனால் அது குடும்பப் பெயராக ஆனதற்கு ஒரு நீண்ட கதை இருக்கிறது.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் முதலாம் ராஜராஜனை ‘உடையார் ஸ்ரீராஜராஜ தேவர்’ என்று குறிப்பிடுகின்றன. அதே கோயிலில் எழுந்தருளியிருக்கும் இறைவனும் ‘உடையார்’தான். ஆளும் மன்னனுக்கும் அருளும் தெய்வத்துக்கும் ஒரே மரியாதைச் சொல்லைப் பயன்படுத்துவதில் சோழர் காலத்துக்குத் தயக்கம் இருக்கவில்லை. பாலகுமாரன் ராஜராஜனைப் பற்றி ஆறு பாகங்களில் எழுதிய நாவலுக்கு ‘உடையார்’ என்று பெயர் வைத்ததும் இந்த வழக்கைக் கொண்டுதான்.

ராஜராஜன் இறந்தது 1014இல். அதே ஆண்டு ஏப்ரல் 23ஆம் தேதி, புனித வெள்ளியன்று, அயர்லாந்தில் டப்ளினுக்கு அருகே குளோன்டார்ஃப் போர்க்களத்தில் பிரையன் போரு என்ற மன்னர் கொல்லப்பட்டார். அவருடைய வழித்தோன்றல்கள் அவர் பெயரையே பிடித்துக்கொண்டார்கள். ‘ஓ’ என்றால் பேரன், வழிவந்தவன். ஆகவே ஓ பிரையன். இன்று உலகம் முழுக்கப் பல லட்சம் பேர் ஓ பிரையன் என்று கையெழுத்திடுகிறார்கள். மகன் என்ற பொருளில் ‘மேக்’ சேர்த்துக்கொண்ட குடும்பங்களும் ஏராளம். பரம்பரையாக வரும் குடும்பப் பெயர் ஐரோப்பாவில் மிக முன்னதாகவே நிலைபெற்ற நாடுகளில் அயர்லாந்தும் ஒன்று.

சோழனின் பிள்ளைகள் யாரும் ‘ராஜராஜன் பேரன்’ என்று ஒரு குடும்பப் பெயரைக் கட்டிக்கொள்ளவில்லை. சோழ வம்சமும் பதிமூன்றாம் நூற்றாண்டோடு முடிந்தது. ராஜராஜன் பெயருக்கு முன்னால் நின்ற பட்டம் மட்டும் வேறு வேறு வீடுகளுக்குக் குடிபோயிற்று. விஜயநகர இளவரசர் குமார கம்பணர் பதினான்காம் நூற்றாண்டில் மதுரை சுல்தான்களை வென்றபோது தமிழ்க் கல்வெட்டுகள் அவரைக் கம்பண உடையார் என்றன. தமிழ்நாட்டின் நடுப்பகுதியில், விழுப்புரம், சேலம், பெரம்பலூர் வட்டாரங்களில், மலையமான், நத்தமான், சுருதிமான் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் உழவர் குடிகளின் பெயருக்குப் பின்னால் அது ஒட்டிக்கொண்டது. போரூரில் 1985இல் ஸ்ரீராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியை நிறுவிய தொழிலதிபர் ராமசாமி உடையாரை நினைவில் வைத்திருப்பவர்கள் பலர். அங்கே சாதிப் பெயர், இங்கே அரச குடும்பப் பெயர். அரண்மனை வாசலில் நின்று பார்த்தால் இந்த உறவு தெரியாது. சோழர் கல்வெட்டிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே அடியில் முளைத்தவை.

மைசூர்க் குடும்பத்துக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதற்கு அரண்மனையே சொல்லும் கதை ஒன்று உண்டு. 1399இல் யதுராயர், கிருஷ்ணராயர் என்ற இரண்டு சகோதரர்கள் துவாரகையிலிருந்து வந்தார்களாம். நஞ்சன்கூடு வட்டாரத்து ஹதிநாட்டுத் தலைவனின் வீட்டில் ஆண் துணை இல்லாத நேரம். காருகஹள்ளி மாரநாயகன் அந்த வீட்டுப் பெண்ணைக் கட்டாயமாகக் கேட்டான். கல்யாண விருந்து ஏற்பாடாயிற்று. மறைந்திருந்த சகோதரர்கள் மாப்பிள்ளையைத் தீர்த்துக்கட்டினார்கள். பெண் யதுராயருக்கு மனைவியானாள். நாடும் கூடவே வந்தது. இதற்கு உதவியவர் ஒரு ஜங்கமர், அதாவது வீரசைவத் துறவி. ஜங்கமர்களைக் கன்னடத்தில் ஒடெயர் என்று அழைப்பதுண்டு. அந்த நன்றிக்காகவே யதுராயர் அந்தப் பட்டத்தைச் சூடிக்கொண்டார் என்பது மரபு.

துவாரகை வரை போகும் வம்சாவளிகளை அப்படியே நம்ப வேண்டியதில்லை. தென்னிந்தியாவில் சிற்றரசுகள் வளர்ந்ததும் யது குலத்திலோ சூரிய குலத்திலோ ஓர் உறவினரைக் கண்டுபிடித்துக்கொள்வது வழக்கமாகவே இருந்தது. மைசூரில் ஆங்கிலேய ரெசிடென்டாக இருந்த மார்க் வில்க்ஸ் 1810இல் வெளிவரத் தொடங்கிய தன் நூலில் சொல்லும் விளக்கம் தரையில் கால் ஊன்றியது: ஒடெயர் என்றால் பொதுவாக 33 ஊர்களைக் கொண்ட சிறுநாட்டின் தலைவர். அப்படிப்பட்ட தலைவர்கள் அந்தச் சீமையில் பலர் இருந்தார்கள். 1610இல் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தைக் கைப்பற்றியபின் மற்ற ஒடெயர்களின் ஒளி மங்கியது. பலருக்கும் பொதுவாக இருந்த பட்டம் ஒரே வீட்டின் சொத்தாயிற்று.

ஹங்களாவில் கிடந்த சிக்க தேவராஜருக்கு இந்தச் சொத்து கைக்கு வரும் என்று அப்போது யார் நினைத்திருப்பார்கள்? கூட இருந்தவர்களில் எளந்தூரைச் சேர்ந்த சமணரான விசாலாட்ச பண்டிதர் முக்கியமானவர். அரசரானதும் சிக்க தேவராஜர் அவரையே அமைச்சராக்கினார். அந்தப் பண்டிதர் 1686இல் கொலை செய்யப்பட, பள்ளித் தோழரான திருமலையார்யர் அந்த இடத்துக்கு வந்தார். ஆட்சியைப் பதினெட்டுத் துறைகளாகப் பிரித்தது, அஞ்சல் முறையை ஏற்படுத்தியது, 1687இல் முகலாயத் தளபதி காசிம் கானிடமிருந்து மூன்று லட்சம் ரூபாய்க்கு பெங்களூரை விலைக்கு வாங்கியது எல்லாம் இவர் காலத்தில்தான். முன்பு விஜயபுரம் என்று அறியப்பட்ட குண்டலுபேட்டையையும் அவர் மறக்கவில்லை. அங்கே காலமான தந்தையின் நினைவாகப் பரவாசுதேவர் கோயிலைக் கட்டினார்.

அவருடைய அவையில் ஒரு பெண் கவிஞர் இருந்தார். எளந்தூரில் பிறந்த ஹொன்னம்மா. அரண்மனையில் வெற்றிலைப் பை ஏந்தும் பணி அவருக்கு. பைக்குக் கன்னடத்தில் சஞ்சி. கன்னட இலக்கிய வரலாறு அவரை இன்றும் சஞ்சி ஹொன்னம்மா என்றே அழைக்கிறது. அரசருக்குப் பட்டம் பெயரானது போலப் பணிப்பெண்ணுக்குக் கையிலிருந்த பை பெயராயிற்று.

உடையார் ஒரே வீட்டின் பெயரானபின் உறவினர்கள் என்ன செய்தார்கள்? பெண் கொடுத்து பெண் எடுத்த குடும்பங்கள் ‘அரசு’ என்ற பெயரைக் கொண்டன. இவற்றில் 31 குடும்பங்களை எண்ணி, 13 குடும்பங்களை மேல்தரமாகவும் 18 குடும்பங்களை அடுத்த தரமாகவும் வகுத்தவர் நம் ஹங்களாக்காரர் சிக்க தேவராஜரே என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. களலே, பெட்டதகோட்டை என்று ஊர்ப் பெயரால் அந்தக் கிளைகள் அறியப்பட்டன. களலேக்காரர்கள் தளவாய்ப் பதவியைப் பிடித்துக்கொண்டு, பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் உடையார்களைப் பெயருக்கு மட்டும் அரசர்களாக்கினார்கள். திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்கு ஆசைப்பட்டு 1750களில் அதன் வெளியே படையோடு கிடந்த நஞ்சராஜர் அந்தக் களலே வீட்டுப் பிள்ளைதான். படையிலிருந்த ஹைதர் அலி வளர்ந்து அவரையும் ஓரங்கட்டினார்.

ஆங்கிலேயர் வந்தபின் ‘அரசு’ அவர்கள் நாக்கில் தேய்ந்து ‘அர்ஸ்’ ஆயிற்று. அந்த எழுத்துக்கூட்டலைப் பார்த்துத்தான் தமிழ்ப் பத்திரிகைகள் பிற்காலத்தில் தேவராஜ் அர்ஸ் என்று அச்சிட்டன. நம் வீட்டுச் சொல் வெளிநாட்டு உடுப்போடு திரும்பி வந்தபோது நாமே அடையாளம் தெரியாமல் விருந்தாளியாக உட்கார வைத்தோம். அயர்லாந்தில் இதைவிடக் கடுமையாக நடந்தது. 1465இல் டப்ளினைச் சுற்றிய ஆங்கிலேய ஆட்சிப் பகுதியில் வாழும் ஐரிஷ்காரர்கள் ஆங்கிலக் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டமே போட்டார்கள். ஏதாவது ஓர் ஊரின் பெயர், வெள்ளை கறுப்பு போன்ற நிறம், கொல்லர் தச்சர் போன்ற தொழில், சமையல்காரர் போன்ற பணி என்று தேர்ந்தெடுக்கும் வகைகளையும் அந்தச் சட்டமே சொன்னது. பின்வந்த நூற்றாண்டுகளில் பல குடும்பங்கள் ‘ஓ’வையும் ‘மேக்’கையும் உதறின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரிஷ் மொழி இயக்கம் எழுந்தபின் பலர் அவற்றை மீண்டும் சேர்த்துக்கொண்டார்கள். மைசூரில் யாரும் சட்டம் போடவில்லை. குமாஸ்தாவின் பேனாவே போதுமானதாக இருந்தது. உடையார் என்பதும் வோடெயார், வாடியார் என்று ஆங்கிலத்தில் உருமாறி, கடைசி வாரிசுகள் ‘வாடியார்’ என்பதையே விரும்பி எழுதினார்கள்.

பெண்கள் இந்தப் பெயர்களுக்கு வெளியே நின்றார்கள். ஐரிஷ் மொழியில் மகளுக்கு ‘நீ’, மனைவிக்கு ‘ஈ’ என்று குடும்பப் பெயரின் முன்னொட்டே மாறும். மைசூரில் அரச குலப் பெண்களுக்கு ‘அம்மண்ணி’ என்ற ஒட்டு. திப்பு 1799இல் வீழ்ந்ததும், அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பிருந்தே ஆங்கிலேயரோடு ரகசியமாகப் பேசிவந்த ராணி லட்சுமம்மண்ணியின் முயற்சி பலித்தது. ஐந்து வயதுச் சிறுவனான மூன்றாம் கிருஷ்ணராஜர் ஜூன் 30 அன்று அரியணையில் உட்கார்த்தப்பட்டார். கட்டி கோபாலராஜ் அரசின் மகளான அவர் பெயரில் அரசும் இல்லை, உடையாரும் இல்லை.

மூன்றாம் கிருஷ்ணராஜருக்கு வாரிசாக வேண்டிய ஆண் பிள்ளை இல்லாதபோதுதான் இரண்டு பெயர்களுக்கும் நடுவே இருந்த கதவு திறந்தது. பெட்டதகோட்டை அரசு குடும்பத்தில் பிறந்த குழந்தையை அவர் 1865இல் தத்தெடுத்தார். ராஜ்யத்தைத் தங்களோடு சேர்த்துக்கொள்ள ஆங்கிலேயருக்கு ஆசை இருந்தும், லண்டன் கடைசியில் இறங்கிவந்தது. அந்தக் குழந்தை சாமராஜேந்திர உடையாராக வளர்ந்து, 1881இல் ஆங்கிலேயர் கையிலிருந்து ஆட்சியைத் திரும்பப் பெற்றார். அவர் மனைவி கெம்பநஞ்சம்மண்ணி பின்னாளில் மகனுக்காக ஆட்சிப் பொறுப்பை நடத்தினார். அந்த ராணியின் சகோதரர் சர் காந்தராஜ் அர்ஸ், விஸ்வேஸ்வரய்யாவுக்குப் பிறகு 1919 முதல் 1922 வரை மைசூர் திவான்.

தமிழர்களுக்கு நன்கு தெரிந்த உடையார் ஜெயசாமராஜேந்திரர். 1919இல் பிறந்தவர். அரியணையை இழந்தபின் மைசூரின் ஆளுநராகவும், 1964 முதல் 1966 வரை சென்னை மாநில ஆளுநராகவும் இருந்தார். ஸ்ரீவித்யா என்ற முத்திரையோடு கர்நாடக இசைக் கீர்த்தனைகள் இயற்றியவர். இன்று சபாக் கச்சேரிகளில் அவற்றைக் கேட்கலாம்.

அர்ஸ்களில் புகழ்பெற்றவர் என்றால் சந்தேகமே இல்லாமல் தேவராஜ் அர்ஸ். 1915இல் ஹுன்சூர் தாலுகாவில் கள்ளஹள்ளி விவசாயக் குடும்பத்தில் பிறந்து, 1972 முதல் 1977 வரையும் மீண்டும் 1978 முதல் 1980 வரையும் கர்நாடகத்தின் முதலமைச்சர். எண்ணிக்கையில் மிகச் சிறிய சமூகத்திலிருந்து வந்தவர், லிங்காயத்துகளும் ஒக்கலிகர்களும் கோலோச்சிய அரசியலில் பிற்படுத்தப்பட்ட சாதிகளையெல்லாம் ஒரு குடைக்கீழ் கொண்டுவந்தார். பிற்படுத்தப்பட்டோருக்கான ஹாவனூர் ஆணையத்தை அமைத்தார். 1974இல் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தத்தால் குத்தகை முறை ஒழிந்து, உழுதவர்கள் நிலச் சொந்தக்காரர்களானார்கள். அரசர் என்று பொருள்படும் பெயரைச் சுமந்தவர் நிலவுடைமையைக் கலைத்தது மைசூர் வரலாற்றின் சுவையான முரண்களில் ஒன்று. 1973இல் மைசூர் மாநிலத்தின் பெயரைக் கர்நாடகம் என்று மாற்றியதும் அவர் அரசுதான். இந்திரா காந்தியோடு முறிந்தபின் 1979இல் அவர் தலைமையில் ஒரு காங்கிரஸ் உருவாயிற்று. அடைப்புக்குறிக்குள் அர்ஸ் என்ற பெயரோடு. ஒரு குடும்பப் பெயர் இப்படித் தேசியக் கட்சியின் பெயருக்குள் ஏறி உட்கார்ந்தது.

குண்டலுபேட்டைத் தொகுதியோ குடும்பப் பெயரே இல்லாதவர்களையும் சட்டசபைக்கு அனுப்பியிருக்கிறது. அங்கிருந்து ஏழு முறை வென்ற கே.எஸ். நாகரத்னம்மா, கர்நாடகச் சட்டசபையின் முதல் பெண் சபாநாயகராக 1972 முதல் 1978 வரை இருந்தார். ஊரின் முதலெழுத்தை முன்னால் வைத்துக்கொண்டு, பின்னால் எதையும் சேர்க்காத பழைய மைசூர் வழக்கம் தமிழர்களின் முன்னெழுத்து முறைக்கு நெருக்கமானது. பாஸ்போர்ட் படிவத்தில் குடும்பப் பெயருக்கான கட்டம் இரண்டு மாநிலத்தாரையும் ஒரே மாதிரி விழிக்க வைக்கிறது.

குண்டலுபேட்டையில் பிறந்த அப்துல் நசீர் சாபுக்கு மக்கள் தாங்களே ஒரு பெயர் சேர்த்தார்கள். 1980களில் ராமகிருஷ்ண ஹெக்டே அமைச்சரவையில் ஊரக வளர்ச்சி, பஞ்சாயத்து ராஜ் துறைகளை வைத்திருந்த அவர், வறண்ட கிராமங்களில் ஆழ்குழாய்க் கிணறுகள் தோண்டவைத்தார். அவரை ‘நீர் சாப்’ என்று கூப்பிட்டார்கள். 1988இல் காலமான பின்னும் கர்நாடகக் கிராமங்களில் அந்தப் பெயர் தங்கிவிட்டது.

உடையார் வீட்டில் கதவு இன்னொரு முறையும் திறந்தது. 2013இல் ஸ்ரீகண்டதத்த நரசிம்மராஜ வாடியார் பிள்ளை இல்லாமல் காலமானார். அவர் மனைவி பிரமோதாதேவி 2015 பிப்ரவரியில் ஓர் இளைஞரைத் தத்தெடுத்தார். அதுவரை யதுவீர் கோபாலராஜ் அர்ஸாக இருந்தவர், அன்றிலிருந்து யதுவீர கிருஷ்ணதத்த சாமராஜ வாடியார். 1399இன் யதுராயர் பெயரும், 1865இல் அர்ஸ் வீட்டிலிருந்து வந்த சாமராஜேந்திரரின் பெயரும் அதற்குள் இருக்கின்றன. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் மைசூரு தொகுதியில் பாரதிய ஜனதா வேட்பாளராக நின்று வென்றார்.