முசிறித் துறையும் நம் மலைவாயிலும்

ஒரு துறைமுகத்தின் வரலாறு அதன் கடற்கரையோடு முடிந்துவிடுவதன்று. கலத்தில் ஏறிய பண்டம் எங்கே விளைந்தது, கலத்திலிருந்து இறங்கிய பொன் எவ்வழியே உள்நாடு புகுந்தது என்று வினவும்போதுதான் அதன் பெருமை முழுமையாக விளங்கும். இவ்வினாவை உள்ளத்திற் கொண்டு கொடுங்கல்லூர்க் கரையோரம் சென்று, பழைய முசிறியின் சுவடுகளைக் கண்டு வந்தோம். கண்டவற்றையும் கருதியவற்றையும் இம்மலரின் வாயிலாக அன்பர்கள்முன் வைக்கின்றோம்.

முசிறி சேரர்தம் பெருந்துறை. யவனர் கலங்கள் பொன்னொடு வந்து மிளகொடு மீண்ட செய்தியை அகநானூற்றின் 149ஆம் பாடலில் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் கூறுகின்றார். பாண்டியன் அந்நகரை வளைத்துப் பொருத செய்தியும் அப்பாடலிலேயே உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டில் பிளினி என்னும் உரோமர், கலங்கள் கரைக்கு எட்ட நின்றுவிடுவதால் சரக்கினைச் சிறு படகுகளில் ஏற்றி இறக்க வேண்டியிருந்தது என்று எழுதினார். வியன்னா நகரில் காக்கப்படும் கி.பி. இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரசு ஏடு ஒன்று, முசிறி வாணிகத்துக்கான கடன் ஒப்பந்தத்தையும், ‘எர்மப்பொல்லோன்’ என்னும் கலத்தில் சென்ற சடாமாஞ்சி, யானைத் தந்தம் முதலிய சரக்குகளையும் குறிக்கின்றது. தமிழ்ப் புலவரும் அயல்நாட்டு வணிகரும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே துறைக்குச் சான்று பகர்ந்திருப்பது வியப்பன்றோ!

இத்துணைச் சிறப்புடைய நகரம் எங்கே? நாம் முதலிற் சென்றது, வடக்குப் பரவூரை அடுத்த பட்டணம் என்னும் சிற்றூர். வானளாவிய கோபுரத்தையோ சிதைந்த மாளிகையையோ எதிர்பார்த்துச் செல்வோர் அங்கே ஏமாற்றமடைவர். தென்னை நிழலில் குடியிருப்புகளே உள்ளன. மழை பெய்து ஓய்ந்தால் வீட்டு வளவுகளில் பழைய மணிகள் வெளிப்படுவதை அவ்வூரார் நெடுங்காலமாகக் கண்டுவந்தனர். கேரள வரலாற்று ஆய்வுக் கழகம் 2007ஆம் ஆண்டு முதல் அங்கே அகழ்ந்தபோது, செங்கற் கட்டடத்தின் அடிப்பகுதியும், படகு கட்டும் தேக்குமரத் தறிகளும், ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள அயினிமரத் தோணி ஒன்றும் சேற்றினடியிற் கிடைத்தன. மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச்சாடிச் சில்லுகளும், மிளகு மணிகளும், ‘அமண’ என்று தமிழ்ப் பிராமியில் பொறித்த பானையோடும் வெளிவந்தன.

பட்டணமே முசிறி என்று துணிவதற்கு எல்லா அறிஞரும் உடன்படவில்லை. நகரம் பெரியாற்றின் இருமருங்கும் பரவியிருக்கலாம் என்போரும் உளர். 1341ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தால் கழிமுகம் தூர்ந்து, வாணிகம் கொச்சிக்குப் பெயர்ந்தது என்பர். ஆறு தன் போக்கை மாற்றிக்கொள்ளும் நாட்டில், பழைய கரையை இன்றைய கரையில் தேடுதல் எளிதன்று. அகழ்ந்ததும் அவ்வூரின் மிகச் சிறு பகுதியே. ஆதலின் அவசரப்பட்டு முடிவு கூறாமல் காத்திருத்தலே அறிவுடைமை.

பெரியாற்றங்கரையில் கோட்டப்புறம் கோட்டையின் செம்பாறைச் சுவர்கள் இடிந்து கிடக்கின்றன. 1523இல் போர்ச்சுகீசியர் எழுப்பிய இக்கோட்டையைப் பின்னர் டச்சுக்காரர் கைப்பற்றினர். 1789இல் திருவிதாங்கூருக்கு விற்றனர். 1790இல் திப்புவின் படை இடித்தது. அண்மையிலேயே சுந்தரர் பாடிய திருவஞ்சைக்களம் உள்ளது. மலைநாட்டில் தேவாரப் பாடல் பெற்ற தலம் இஃது ஒன்றே. கி.பி. 629இல் எழுந்ததென மரபு கூறும் சேரமான் பள்ளிவாசலும், சேந்தமங்கலத்து யூதர் கோயிலும் தொலைவில் இல்லை. ஒரே கரை எத்தனை மக்களை ஏற்றது என்பதற்கு இவையே சான்று.

இனி, நம் ஊருக்கு வருவோம். மேற்குத் தொடர்ச்சி மலை 30 முதல் 40 கிலோமீட்டர் வரை விலகி வழிவிடும் பாலக்காட்டுக் கணவாயின் கீழ்வாயிலில் அமைந்தது கொழிஞ்சாம்பாறை. இதற்குக் கிழக்கே கோவையை அடுத்த வெள்ளலூரிலும், மேற்கே திருச்சூரைச் சார்ந்த எய்யாலிலும் உரோமக் காசுகள் புதையலாகக் கிடைத்துள்ளன. கொங்கு நாட்டுக் கொடுமணலில் மணிக்கல் இழைத்த பட்டறைகள் அகழப்பட்டுள்ளன. கொங்கிற்கும் மேலைக் கடற்கும் இடையே வணிகர் சென்ற பெருவழி இக்கணவாயினூடே சென்றது என்பது அறிஞர் கருத்து. எனவே நாம் முசிறிக்கு அயலார் அல்லோம்; அதன் வாயிற்புறத்தில் வாழ்வோம். பிற்காலத்திலும், 1956இல் மாநிலங்கள் மொழிவழி பிரியுமுன், நம் சித்தூர் வட்டமும் கொடுங்கல்லூரும் கொச்சி அரசின் குடைக்கீழ் இருந்தவையே.

முசிறி தமிழர்க்கே உரியது என்றும், மலையாளிகட்கே உரியது என்றும் வாதிடுவோரை இருபுறமும் காண்கின்றோம். மலையாளம் தனிமொழியாய் மலர்வதற்கு முன்னரே வாழ்ந்த நகரம் அது. அதன் ஓட்டில் உள்ள எழுத்து நம் மொழியினது. ஆயின் அவ்வோட்டை மண்ணுள் இத்தனை நூற்றாண்டும் வைத்துக் காத்ததும், இன்று தோண்டி எடுத்து ஆராய்ந்து உலகுக்கு அறிவித்ததும் கேரள மண்ணும் மக்களுமே. இருவரும் ஒரே முதுசொத்தின் வாரிசுகள். வாரிசுகள் வழக்காடினால் சொத்து பாழாகும். கூடிக் காத்தால் நிலைக்கும்.

இப்பகுதியில் தமிழ் பேசி வாழும் நம் பிள்ளைகள், “நாம் எந்நாட்டார்?” என்று கேட்பதுண்டு. அன்னாரை ஒருமுறையேனும் முசிறிக் கரைக்கு அழைத்துச் செல்லுமாறு பெற்றோரை வேண்டுகின்றோம். நம் வயல்களில் ஏர் முனையிலோ கிணற்றுத் தோண்டலிலோ பழைய காசோ, தாழியோ, எழுத்துடை ஓடோ தென்பட்டால், அதனை உடைத்தெறியாமலும் விலைபேசாமலும் தொல்லியல் துறைக்கு அறிவித்தல் நம் கடமை. வணிகர் நடந்த வழி நம் நிலத்திலும் எங்கேனும் உறங்கிக் கிடக்கலாம்.