கிரேக்க இசையிலக்கணத்தைக் காத்த உரையாசிரியர்

பண்டைய கிரேக்கர்களின் இசையிலக்கண நூல்கள் பல அழிந்துவிட்டன. அவற்றுள் சிலவற்றின் பகுதிகள், பிற்கால உரையாசிரியர் ஒருவர் எடுத்தாண்ட மேற்கோள்களாக மட்டுமே இன்று எஞ்சியுள்ளன.

கிரேக்க இசையறிஞர்களிடையே நெடுங்காலம் நிலவிய சர்ச்சை ஒன்று உண்டு. சுரங்களின் உறவைத் தீர்மானிப்பது எண்ணா, செவியா என்பதே அது.

பித்தாகரஸ் வழிவந்தோர் எண்ணையே முன்வைத்தனர். கர்நாடக இசையின் பெயர்களில் சொல்வதானால், தந்தியின் நீளத்தைப் பாதியாகக் குறைத்தால் மேல் ஸ்தாயி சட்ஜமம் பிறக்கும். மூன்றில் இரண்டு பங்காக்கினால் பஞ்சமம். நான்கில் மூன்று பங்காக்கினால் சுத்த மத்திமம். ஆனால் கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவரும், அரிஸ்டாட்டிலின் மாணவருமான அரிஸ்டாக்சினஸ், இசைக்குச் செவியின் தீர்ப்பே அடிப்படை என வாதிட்டார்.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் வாழ்ந்த வானியல் அறிஞர் தாலமி, தமது 'ஹார்மோனிக்ஸ்' நூலில் இவ்விரு தரப்பையும் இணைக்க முயன்றார். கணக்கு சொல்வதைச் செவியும் ஏற்க வேண்டும் என்பது அவரது நிலைப்பாடு.

இந்நூலுக்கு 3ஆம் நூற்றாண்டில் உரை எழுதியவர் தத்துவஞானி போர்ஃபிரி. தாலமி முன்னோர் பலரிடமிருந்து கருத்துகளைப் பெற்றிருக்கிறார் என்று கூறிய அவர், அந்த முன்னோர்களின் வாசகங்களையும் பெயர் சுட்டி எடுத்துக்காட்டினார். சுருதி வேறுபாடு வெறும் எண் வேறுபாடே என்பதை மறுத்து தியோஃப்ராஸ்டஸ் எழுதிய பகுதி இவ்வாறுதான் பிழைத்தது. பண்டைய கிரேக்க உலகில் இசையிலக்கணம் எழுதிய பெண்ணான சைரீனின் தாலமாயிஸ் குறித்து நாம் அறிந்தவை அனைத்தும் இவ்வுரையிலிருந்தே கிடைத்தவை. எண்ணுக்கும் செவிக்கும் உரிய இடம் பற்றி அவர் எழுதிய சில பகுதிகளே அவை.

ஆனால் இத்தகைய பாதுகாப்புக்கு வரம்பு உண்டு. உரையாசிரியர் தமது வாதத்துக்குத் தேவையானதையே எடுத்தாள்கிறார். எஞ்சியது மூலநூலோடு மறைந்துவிடுகிறது. மேலும், மூன்று பகுதிகள் கொண்ட தாலமியின் நூலுக்கு, இரண்டாம் பகுதியின் ஏழாவது அத்தியாயம் வரையிலான உரையே கிடைத்துள்ளது.

இவ்வுரையை 1699இல் ஆக்ஸ்ஃபோர்டில் கணிதமேதை ஜான் வாலிஸ் பதிப்பித்தார். கிரேக்க மூலத்துடன் கூடிய ஆண்ட்ரூ பார்க்கரின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2015இல் வெளியானது.

கருத்தைச் சொன்னவரின் பெயரையும் வாசகத்தையும் பதிவுசெய்ய வேண்டும் என்று போர்ஃபிரி எண்ணியிராவிட்டால், தாலமாயிஸ் என்ற பெயரே வரலாற்றில் இருந்திராது.